எக்ரோனைத் தேடிய 158 ஆண்டுகள்: ஒரு பெலிஸ்திய நகரத்தின் இடம் உறுதியான நிகழ்வு ஆய்வு

வேதாகமத்தில் வரும் ஓர் ஊரை இன்றைய நிலப்படத்தில் எந்தப் புள்ளியில் குறிப்பது என்ற கேள்விக்கு, எக்ரோன் என்ற ஒரே ஊரின் விஷயத்தில் 1838 முதல் 1996 வரை மூன்று விடைகள் தரப்பட்டன. மூன்றையும் தந்தவர்கள் தத்தம் காலத்தில் முதல் வரிசையில் இருந்த அறிஞர்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கத் தவறினார்கள், எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதே இங்கே பொருள் என்பதால், அண்மைக் காலத்தவரைப் பெயரால் சுட்டாமல் அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்புலம்

பண்டைய இஸ்ரவேலரின் அண்டை மக்களான பெலிஸ்தரின் ஐந்து தலைநகரங்களில் காசா, அஸ்கலோன், அஸ்தோத் ஆகிய மூன்றின் இடம் பற்றிப் பெரிய ஐயம் எழுந்ததில்லை. அவை கடலோரச் சமவெளியில், பெயர் அதிகம் சிதையாமல், பிற்காலம் வரை மக்கள் வாழ்ந்த ஊர்களாக நீடித்தன. உள்நாட்டுப் பக்கம் இருந்த காத், எக்ரோன் ஆகிய இரண்டும்தான் தேட வேண்டியவையாக இருந்தன.

எக்ரோனைப் பற்றி நூல்கள் தரும் செய்தி குறைவன்று. யோசுவா 15ஆம் அதிகாரம் யூதா கோத்திரத்தின் வட எல்லையை விவரிக்கையில், அது பெத்ஷிமேசிலிருந்து இறங்கித் திம்னாவைக் கடந்து, எக்ரோனின் வடபக்கச் சரிவை அடைந்து, யாப்னியேல் வழியாகக் கடலில் முடிகிறது என்கிறது. 1 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியை ஏற்றிய வண்டி எக்ரோனிலிருந்து பெத்ஷிமேசுக்குப் போகிறது. பின்தொடர்ந்து சென்ற பெலிஸ்தரின் ஐந்து அதிபதிகளும் நடந்ததைப் பார்த்துவிட்டு அன்றே எக்ரோனுக்குத் திரும்புகிறார்கள். நோயுற்ற இஸ்ரவேலின் ராஜா அகசியா, எக்ரோனின் தெய்வமான பாகால்சேபூபிடம் குறி கேட்க ஆள் அனுப்பியதும் இந்த ஊருக்கே.

வேதாகமத்துக்கு வெளியே அசீரியப் பதிவுகள் இருக்கின்றன. இரண்டாம் சர்கோனின் கோர்சாபாத் அரண்மனைப் புடைப்புச் சிற்பம் ஒன்றில் முற்றுகையிடப்படும் நகரத்தின் மேல் எக்ரோனின் அசீரியப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 701இல் படையெடுத்துவந்த சனகெரிப், எக்ரோன் மக்கள் தங்கள் அரசன் பாடியை விலங்கிட்டு யூதாவின் அரசன் எசேக்கியாவிடம் ஒப்படைத்ததையும், தான் அவனை மீட்டு மீண்டும் அரியணையில் அமர்த்தியதையும் எழுதிவைத்தான். அவனுக்குப் பின் ஆண்ட எசரத்தோன், அசுர்பானிபால் ஆகியோரின் பட்டியல்களில் எக்ரோனின் அரசனாக இகௌசு என்ற பெயர் வருகிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் யூசேபியஸ், இவ்வூரை அஸ்தோத்துக்கும் யாம்னியாவுக்கும் (யோசுவாவின் யாப்னியேல்) இடையே கிழக்கே அமைந்த பெரிய யூதக் கிராமம் என்று குறித்தார்.

இவ்வளவு செய்தி இருந்தும் இடம் தெரியாமல் போனதற்குக் காரணம், இவற்றில் எதுவுமே ஒரு தொல்மேட்டை (பழைய ஊர் புதைந்த மேட்டை) நேராகச் சுட்டவில்லை என்பதே. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீள அகலமுள்ள ஒரு வட்டாரத்துக்குள் எங்கோ என்பது வரையில்தான் நூல்களால் கொண்டுவர முடிந்தது.

முதல் முடிவு: 1838

அமெரிக்க இறையியல் பேராசிரியர் ஒருவர், அரபு மொழி நன்கறிந்த மிஷனரித் தோழர் ஒருவருடன் பாலஸ்தீனத்தில் பயணம் செய்தார். இருவரின் முறை தெளிவானது. மடாலயங்களில் பயணிகளுக்குச் சொல்லப்பட்ட மரபுக் கதைகளை அவர்கள் ஒதுக்கினார்கள். வயலில் உழுபவரிடமும் ஆடு மேய்ப்பவரிடமும் ஊர்ப்பெயர்களைக் கேட்டார்கள். கிடைத்த அரபுப் பெயர்களை வேதாகமப் பெயர்களோடு ஒப்பிட்டார்கள். ராம்லாவுக்குத் தெற்கே ஆகிர் என்ற கிராமத்தைக் கண்டதும், அதுவே எக்ரோன் என்று முடிவு செய்தார்கள்.

அந்த முடிவுக்கு நியாயமான அடிப்படை இருந்தது. ஆகிர் என்ற பெயர், எக்ரோனின் கிரேக்க வடிவமான அக்காரோனுக்கு நெருக்கமானது. அது யாம்னியாவுக்குக் கிழக்கே இருந்ததால் யூசேபியசின் குறிப்போடும் ஒத்துப்போனது. அங்கே பழைய இடிபாடுகள் பெரிதாகக் கண்ணில் படாததற்கு, மண்சுவர்க் கட்டடங்கள் கரைந்திருக்கும் என்ற விளக்கம் போதுமானதாக இருந்தது. பாலஸ்தீனத்தில் காணப்படும் தட்டையான உச்சி கொண்ட குன்றுகள் இயற்கையானவை அல்ல, ஊர் மேல் ஊராக எழுந்து அடுக்கடுக்காகக் குவிந்த மேடுகள் என்பது அன்று யாருக்கும் தெரியாது. பானை ஓட்டைப் பார்த்துக் காலம் சொல்லும் முறை, 1890இல் தெல் எல்-ஹெசி அகழாய்வுக்குப் பிறகே அந்த நாட்டில் வேரூன்றியது. ஆகவே 1838இல் இருந்த கருவி பெயர் ஒன்றுதான். அந்தக் கருவியை அவர்கள் செம்மையாகவே பயன்படுத்தினார்கள்.

அதே பயணத்தில், அதே முறையில், எருசலேமுக்கு வடமேற்கே எல்-ஜிப் என்ற கிராமத்தைப் பார்த்து அது வேதாகமத்தின் கிபியோன் என்று பேராசிரியர் சொன்னது சரியாக அமைந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1956 முதல் நடந்த அகழாய்வில் அங்கே கிபியோன் என்று எழுதப்பட்ட சாடிக் கைப்பிடிகள் பல கிடைத்தன. ஒரே முறை ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் ஏமாற்றியிருக்கிறது என்பதால்தான் இந்த நிகழ்வு ஆராயத் தக்கதாகிறது.

ஆகிர் முடிவு நிலைத்தது. நிலப்படங்களிலும் ஊர்ப்பெயர்களிலும் பதிந்தது. 1883இல் அருகே அமைந்த யூதக் குடியேற்றம் முதலில் எக்ரோன் என்றே அழைக்கப்பட்டு, பின்னர் மஸ்கெரெத் பாத்யா ஆயிற்று. ஆகிர் கிராமத்தின் நிலத்தில் 1948இல் எழுந்த ஊருக்கு கிரியாத் எக்ரோன் என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

இரண்டாம் முடிவு: 1920கள்

பானை ஓடுகளைக் கொண்டு காலம் கணிக்கும் முறை முதிர்ந்துகொண்டிருந்த காலத்தில், எருசலேமில் இருந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் இளம் இயக்குநர் ஆகிர் முடிவை ஏற்கவில்லை. ஒரு பெலிஸ்தியத் தலைநகரத்துக்குரிய இரும்புக்கால எச்சம் அங்கே இல்லை என்பதே அடிப்படைத் தடை. அவர் எக்ரோனைத் தென்மேற்கே கத்ராவுக்கு நகர்த்தினார். கத்ராவைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர் ஒற்றுமையும் அதற்கில்லை. பெரும் நகரம் ஒன்றும் அங்கே வெளிப்படவில்லை.

அதைவிட முக்கியமானது அவர் 1924இல் பார்த்த இன்னொரு மேடு. கிர்பெத் எல்-முகன்னா என்ற அந்த இடத்தைக் கண்டு, யோசுவா 19இல் எக்ரோனுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் எல்தெக்கே அதுவாக இருக்கலாம் என்று அவர் கருதினார். அவருடைய கவனத்துக்கு வந்தது மேட்டின் வடகிழக்கு மூலையில் சற்று உயர்ந்து நிற்கும் சுமார் 10 ஏக்கர் பகுதி மட்டுமே. அதற்குத் தெற்கிலும் மேற்கிலும் விரிந்திருந்த கீழ்ப்பகுதி, சுற்றியுள்ள வயலோடு ஏறக்குறைய சமமாகக் கிடந்ததாலும், உழப்பட்டுக் கொண்டிருந்ததாலும், மேட்டின் பாகமாகவே தோன்றவில்லை. 10 ஏக்கர் என்பது ஒரு சிற்றூருக்குப் பொருந்தும் அளவு. அதனால் சிற்றூரின் பெயர் அதற்கு வழங்கப்பட்டது. தேடிய நகரத்தின் மேலேயே நின்று, அதற்குப் பக்கத்து ஊரின் பெயரைச் சூட்டியதாக இது முடிந்தது.

மூன்றாம் முடிவு: 1957–58

இஸ்ரேல் தொல்பொருள் துறையின் களஆய்வாளர் ஒருவர் 1957இல் முகன்னாவை மேற்பரப்பாய்வு செய்தார். பின்னாளில் பழைய எழுத்துகளின் ஆய்வில் பெரும்பெயர் பெற்ற அவர், அன்று செய்தது எளிய வேலை. மேட்டின் உச்சியோடு நிற்காமல் வயலுக்குள் இறங்கி, ஓடுகள் எங்கே முடிகின்றன என்று பார்த்தார். மதிலின் தடத்தைப் பிடித்து அதன் வழியே சென்றார். 10 ஏக்கர் என்று எண்ணப்பட்ட இடம், கீழ் நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 40 ஏக்கர் மதிலுக்குள் அடங்கிய நகரமாக விரிந்தது. ஓடுகள் பெலிஸ்தியர் காலத்தையும் அதற்குப் பிந்திய இரும்புக்காலத்தையும் சேர்ந்தவை.

1958இல் அவர் வெளியிட்ட முடிவு: முகன்னாவே எக்ரோன். அந்த வட்டாரத்தில் இவ்வளவு பெரிய இரும்புக்கால நகரம் வேறு இல்லை. அவ்வட்டாரத்தில் இடம் தெரியாத பெரிய நகரமும் எக்ரோனைத் தவிர வேறு இல்லை. கூடவே யோசுவாவின் எல்லைக்கோடும் நேராகிறது. ஆகிரை எக்ரோனாகக் கொண்டால், திம்னாவிலிருந்து சோரேக் பள்ளத்தாக்கின் வழியே மேற்கே போக வேண்டிய எல்லை, ஆகிரின் வடபக்கத்தைத் தொடுவதற்காகத் தேவையில்லாமல் வடக்கே ஏறி மறுபடி இறங்க வேண்டும். முகன்னாவை எக்ரோனாகக் கொண்டால், அதற்கு வடக்கே உள்ள சரிவே எல்லையின் வழியில் இயல்பாக அமைகிறது.

பெட்டி ஏற்றிய வண்டியின் பயணத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். முகன்னாவிலிருந்து பெத்ஷிமேசுக்கு நேர்க்கோட்டில் சுமார் 12 கிலோமீட்டர். ஆகிரிலிருந்து சுமார் 19. வண்டியின் வேகத்தில் பின்னாலேயே நடந்து, அங்கே நடந்த பலியையும் பார்த்துவிட்டு, அன்றே திரும்ப 12 கிலோமீட்டர் வசதியான தூரம். 19 கிலோமீட்டர் முடியாததன்று, ஆனால் நெருக்கடியானது. இதைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும். கதைப்போக்கில் வரும் ஒரு நாட்கணக்கை அளவுகோலாக்கி ஊரை நிறுத்துவது ஆபத்தான பழக்கம்.

என் பார்வையில், இந்த நிகழ்வின் உண்மையான திருப்பம் இதுதான். ஊர்ப்பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்றும் இல்லாமல், பரப்பளவு, ஓடுகளின் காலம், எல்லை விவரம் ஆகிய மூன்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எடுக்கப்பட்ட இந்த முடிவை அடுத்த நாற்பது ஆண்டுகளில் அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்றார்கள், அது சரியானதும்கூட. பின்னால் கிடைத்த கல்வெட்டின் புகழ் இதை மறைத்துவிட்டது.

அகழாய்வு: 1981–1996

ரெவாதிம் என்ற கிப்புட்சின் (கூட்டுப் பண்ணைக் கிராமத்தின்) அருகே உள்ள இந்த மேட்டில், ஆல்பிரைட் தொல்லியல் நிறுவனமும் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகமும் இணைந்து 1981 முதல் 1996 வரை அகழாய்வு நடத்தின. மேல் நகரம், கீழ் நகரம் இரண்டிலும் குழிகள் போட வேண்டும் என்ற முடிவுதான் இந்தத் திட்டத்தின் பெரும்பலனுக்குக் காரணம். மேல் நகரத்தோடு நின்றிருந்தால் 1924இன் பார்வையே மறுபடி வந்திருக்கும்.

கி.மு. 12ஆம் நூற்றாண்டு அடுக்கில், ஏகியப் பகுதியின் பாணியில் உள்ளூர்க் களிமண்ணால் செய்த பாண்டங்களும், அடுப்புக்குழிகளும், சுடாத களிமண்ணால் உருட்டிய தறி எடைகளும் வந்தன. இவை கடல்வழி வந்தேறிய பெலிஸ்தரின் முதல் தலைமுறைகளுக்குரியவை. நகரம் ஏறத்தாழ 50 ஏக்கருக்குப் பரவியிருந்து, கி.மு. 10ஆம் நூற்றாண்டில் அழிந்து, பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வெறும் 10 ஏக்கர் மேல் நகரமாகச் சுருங்கியது. அசீரியர் ஆதிக்கத்தில் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அது முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

அந்தக் கடைசிக் கட்டத்தின் அடையாளம் ஒலிவ எண்ணெய் ஆலைகள். 100க்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொன்றிலும் நடுவே காய்களை நசுக்கும் நீள்சதுரக் கல்தொட்டி. அதன் இருபுறமும் பிழியும் தொட்டிகள். சுவரில் பொருத்திய மர உத்திரத்தின் மறுமுனையில் துளையிட்ட எடைக்கற்களைத் தொங்கவிட்டு, கூடைகளில் அடுக்கிய விழுதை அழுத்துவது. அதே ஆலைக் கட்டடங்களிலும் பிற இடங்களிலும் நான்கு கொம்புள்ள சிறிய கற்பீடங்கள் இருந்தன. எக்ரோன் என்றாலே இந்த எண்ணெய்த் தொழிலைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் ஊரை அடையாளம் காணும் கேள்வியில் அதற்கு இரண்டாம் இடம்தான்: இது ஒரு செல்வமுள்ள நகர அரசு என்று அது காட்டுகிறது, எந்த நகர அரசு என்று சொல்வதில்லை.

ஊரின் பெயரைச் சொன்னது 1996ஆம் ஆண்டு, திட்டத்தின் இறுதிப் பருவத்தில் கிடைத்த சுண்ணாம்புக்கல். கி.மு. 604ஐ ஒட்டி பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சாரின் படை அழித்த பெரிய கோயில் வளாகத்தின் கருவறைப் பகுதியில் அது கிடந்தது. ஐந்து வரிகள். பாடியின் மகனும், எக்ரோனின் அதிபதியுமான ஆகீஸ் இந்தக் கோயிலைத் தன் தேவிக்குக் கட்டினான் என்றும், அவள் அவனை ஆசீர்வதித்துக் காத்து, அவன் நாட்களை நீடிக்கச் செய்து, அவன் நாட்டை ஆசீர்வதிக்கட்டும் என்றும் அது கூறுகிறது. பாடிக்கு முந்திய மூன்று தலைமுறைகளின் பெயர்களும் அதில் இருக்கின்றன.

சான்றின் எடை

பெயர் பொறித்த எல்லாப் பொருளும் ஒரே எடை உள்ளவை அல்ல. கிபியோன் சாடிக் கைப்பிடிகள் கிடைத்தபோது, சாடிகள் ஊர்விட்டு ஊர் போகும் பொருள்கள் ஆயிற்றே, கிபியோனிலிருந்து வந்த சரக்காக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. சாடிகளின் மூடிகளும், திராட்சைரசம் வைக்கும் நிலவறைகளும் அங்கேயே கிடைத்ததால்தான் அந்தக் கேள்வி அடங்கியது. எக்ரோன் கல்லோ, தான் இருக்கும் கட்டடத்தையே பேசுகிற கல். அது கிடந்ததும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே. வேறு ஊரிலிருந்து சுமந்துவர யாருக்கும் காரணம் இல்லை.

அடுத்து, கல் தரும் பெயர்களில் பாடி, ஆகீஸ் ஆகிய இரண்டும் அசீரியப் பதிவுகளில் எக்ரோன் அரசர்களாக முன்பே தெரிந்தவை. பாடி கி.மு. 701இல் வருகிறான், அசீரியப் பட்டியல்களின் இகௌசுதான் கல்லின் ஆகீஸ். தாவீதின் காலத்தில் காத் நகரத்தை ஆண்டவனுக்கும் ஆகீஸ் என்ற பெயரே இருந்தது. அந்தப் பெயர் பெலிஸ்தரிடையே நீண்டகாலம் வழங்கியது என்பதற்கும் இது சாட்சி. ஒன்றையொன்று அறியாத இரு ஆவணத் தொகுதிகள், இரு அரசர்களின் பெயரிலும் ஊரிலும் ஒத்துப்போகும்போது தற்செயல் என்று சொல்ல இடம் இல்லை.

பின்விளைவுகள்

எக்ரோன் நகர்ந்ததும் மற்ற ஊர்களும் நகர வேண்டியிருந்தது. முகன்னாவில் இருத்தப்பட்டிருந்த எல்தெக்கே வீடிழந்தது. சனகெரிப் எகிப்தியப் படையைச் சந்தித்த போர்க்களம் எல்தெக்கேயின் சமவெளி என்பதால், கி.மு. 701 படையெடுப்பின் வழித்தடத்தை மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. இன்று யாவ்னேக்கு அருகே உள்ள தெல் எஷ்-ஷல்லாஃப் பலரால் எல்தெக்கேயாக முன்வைக்கப்படுகிறது. இதற்கு மாறாக, 1977 முதல் 1989 வரை அகழப்பட்ட தெல் பாத்தாஷ் திம்னாவாகக் கொள்ளப்படுவது எக்ரோனின் புதிய இடத்தால் வலுவடைந்தது. பெத்ஷிமேஸ், திம்னா, எக்ரோன் என்ற வரிசை கிழக்கிலிருந்து மேற்காக ஒழுங்காக விழுகிறது.

ஆகிரின் பெயருக்கும் பதில் வேண்டும். பாபிலோனியர் அழித்தபின் முகன்னா மேட்டில் பெரிய நகரம் மறுபடி எழவில்லை. ஆனால் அக்காரோன் என்ற பெயர் சாகவில்லை, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் யூதத் தலைவன் யோனத்தானுக்குக் கொடையாக வழங்கப்பட்ட இடமாக 1 மக்கபேயர் நூலில் அது வருகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து யூசேபியஸ் கண்ட யூதக் கிராமம், தன் காலத்து அக்காரோன். பெலிஸ்தரின் எக்ரோன் அழிந்து அப்போது 900 ஆண்டுகள் ஆகியிருந்தன. நகரம் அழிந்தபின் பெயர் வட்டாரத்தில் தங்கி, அருகில் மக்கள் வாழ்ந்த இன்னொரு இடத்தில் ஒட்டிக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கம். அப்படியானால் ஆயர் சொன்னதும் பொய்யில்லை, 1838இல் கேட்ட பெயரும் பொய்யில்லை; இரண்டும் வேறொரு காலத்து ஊரைச் சுட்டின.

இனி மாற வேண்டியவை

இத்தகைய தேடலில் சான்றுகளை எடுக்கும் வரிசை மாற வேண்டும். பெயர் ஒற்றுமையிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. கிபியோனைப் போல அது நேராக இட்டுச்செல்லும் இடங்களும் பல. ஆனால் நூல் பேசும் காலத்து ஓடுகள் அந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் வரை, பெயரைக் கொண்டு நிலப்படத்தில் புள்ளி வைக்கக் கூடாது. அந்தச் சோதனையும் உச்சியோடு நிற்கக் கூடாது. தாழ்ந்த மேடுகளின் பரப்பு, ஓடுகள் சிதறிக் கிடக்கும் எல்லை வரை நடந்து அளக்கப்பட வேண்டும். 1924க்கும் 1957க்கும் இடையே இருந்த வேறுபாடு அந்த நடை மட்டுமே.

ஒரே பெயர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு இடங்களில் வாழ்ந்திருக்கக்கூடும் என்பதால், வேதாகம நிலப்படங்களில் காலமும் குறிக்கப்பட வேண்டும். இரும்புக்கால எக்ரோன் முகன்னாவில். யூசேபியஸ் காலத்து அக்காரோன் பெரும்பாலும் ஆகிரில் அல்லது அதன் அருகில். இரண்டையும் ஒரே புள்ளியில் திணிக்கும் நிலப்படம் ஏதாவது ஒரு நூற்றாண்டில் தவறாகவே இருக்கும்.

கல்வெட்டால் உறுதியான இடம், பரப்பாலும் ஓடுகளாலும் நூல் விவரத்தாலும் நிறுவப்பட்ட இடம், பெயரால் மட்டும் ஊகிக்கப்பட்ட இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடு வேண்டும். இன்று எக்ரோன் முதல் வகையில் நிற்கிறது. தெல் எஸ்-சாஃபியில் அகழப்பட்ட காத் இரண்டாம் வகை. பெரும்பாலோர் ஏற்றாலும் ஊரின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அங்கே கிடைக்கவில்லை. முகன்னாவிலிருந்து ஷல்லாஃப் மேட்டுக்கு மாற்றப்பட்ட எல்தெக்கே இரண்டாம் வகைக்கும் கீழே, ஒரு முன்மொழிவாகவே, கேள்விக்குறியோடு அச்சிடப்பட வேண்டும்.